உப்பாற்றங்கரையின் கோடை விழவு

(திங்கள் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

2024-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்களில் ஆசுத்திரிய நாட்டின் சால்சுபர்க்கு நகர்க்குச் சென்று, அங்குக் கோடைதோறும் நடைபெறும் இசை நாடகப் பெருவிழாவைக் கண்டு வந்தேன். செருமானிய நாட்டு மூனிக்கு நகரில் பொறியாளராகப் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் அழைத்துச் சென்றார். மூனிக்கிலிருந்து தொடர்வண்டியில் இரண்டு மணிநேரத்திற்கும் குறைவு. அவ்விழாவைப் பற்றிச் சொல்லுமாறு மன்றத்தார் பணித்தனர். நான் இசைவாணன் அல்லேன், சொல்லாராய்ச்சிக்காரன். ஆகவே ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்தருள்க.

செருமானியத்தில் 'சால்சு' என்றால் உப்பு. 'பர்க்கு' என்றால் கோட்டை. உப்புக்கோட்டை என்பதே அந்நகரின் பெயர். நகரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் சால்சாக்கு. அதன் பொருள் உப்பாறு என்பதே. நம் நாட்டிலும் உப்பாறுகள் உண்டு. கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஆற்றுநீர் கரிக்காது. நகர்க்குத் தெற்கே ஆலைன் என்னும் சிற்றூரை ஒட்டிய மலையில் உப்புச் சுரங்கங்கள் இருந்தன. அம்மலையுப்பு ஓடங்களில் ஏறி அவ்வாற்று வழியே போயிற்று. போன உப்பின் வருவாயெல்லாம் நகரை ஆண்ட பேராயர்களின் கருவூலத்திற் சேர்ந்தது. இப்பேராயர்கள் சமயத் தலைவர் மட்டுமல்லர், முடியில்லா மன்னர்கள். 1803 வரை அவர்கள் ஆட்சி நடந்தது. இன்று உலகம் வியந்து பார்க்கும் மாடங்களும் கோயில்களும் நீரூற்றுகளும் உப்பு விற்ற பணத்தில் எழுந்தவை. ஆலைனில் இருந்த பழைய உப்பாலை ஒன்றும் 1992 முதல் இவ்விழாவின் நாடக அரங்காகிவிட்டது.

மொசார்ட்டு என்னும் இசைமேதை பிறந்த தெருவுக்கு இப்போது 'கெற்றைடெ காசெ' என்று பெயர். 'கெற்றைடெ' எனின் கூலம், ஆகவே கூலத்தெரு. நம் பழந்தமிழ் நகரங்களின் கூலவீதி நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ளோர் சொல்வது வேறு. பழம்பெயர் குதிரை பெருநடை நடப்பதைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்ததாம். பொருள் மறந்தபின் மக்கள் வாய் அதை ஒலியொப்புமையாற் கூலமாக்கி விட்டது. ஊர்ப்பெயர்களை ஒலியொன்றையே வைத்து ஆராய்வோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. நம்மிலும் அப்படிச் செய்வோர் உண்டு. பெயர் சொல்ல வேண்டா.

விழாவின் பெயர் 'பெசுட்டுசுபீலெ'. 'பெசுட்டு' என்பது விழா. 'சுபீல்' என்னும் சொல்லோ விளையாட்டு, நாடகம், கருவி மீட்டல் எல்லாவற்றிற்கும் பொது. நம் 'ஆடல்' என்னும் சொல் கூத்தையும் விளையாட்டையும் போரையும் தழுவி நிற்பதுபோன்றது அது. விழாவில் மூன்று பிரிவுகள் உள: பேச்சு நாடகம், பாட்டாலாகிய இசைநாடகம், கருவியும் குரலுமான இசையரங்கு. இயல், இசை, கூத்து என்று மூன்றையும் ஒரு மொழியின் மூன்று கிளைகளாகவே எண்ணிப் பழகிய நமக்கு இப்பகுப்பைப் புரிந்துகொள்வது எளிது. ஐரோப்பியர் இம்மூன்றிற்கும் வெவ்வேறு வீடுகள் கட்டி வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ப்பது வழக்கம். மூன்றையும் ஒரே கோடையில் ஒரே ஊரில் ஒரே குடைக்கீழ் வைத்தது சால்சுபர்க்கின் சிறப்பு.

இனி, மொசார்ட்டைப் பற்றிச் சிறிது சொல்லாமல் விழாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் 1756-ஆம் ஆண்டு சனவரி 27-இல் அத்தெருவின் 9-ஆம் எண் வீட்டில் பிறந்தார். பேராயரின் ஊழியத்தில் இருந்தார். 1781-இல் பேராயர் கொல்லொரேதோ வியன்னா சென்றபோது இவரும் உடன் வரவழைக்கப்பட்டார். அங்கு ஏவலாளர்களோடும் சமையற்காரர்களோடும் ஒரே பலகையில் இவரை உண்ண வைத்தனர். ஏவலாளர் இழிந்தோர் என்று நான் சொல்லவில்லை. இசைஞனும் அரண்மனைக்கு ஓர் ஏவலாளே என்பதுதான் அப்பலகை சொன்ன செய்தி. மொசார்ட்டு விடுதலை கேட்டார். அவ்வாண்டு சூன் திங்களில் பேராயரின் அலுவலர் ஆர்க்கோ என்பார் அவரைக் காலால் உதைத்து வெளியேற்றினார். அந்த உதையோடு சால்சுபர்க்குக்கும் மொசார்ட்டுக்கும் இருந்த ஊழிய உறவு முடிந்தது. பத்தாண்டு வியன்னாவில் வாழ்ந்து 1791-இல் தம் முப்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார். அவர்க்குச் சொந்த ஊர் ஒரு சிலை வைக்க 1842 ஆயிற்று. இன்றோ, அவர் முகம் பொறித்த இன்னுருண்டை ஒன்றை அவ்வூர்க் கடைதோறும் அடுக்கி வைத்து விற்கிறார்கள். 1890-இல் அவ்வூர் இனிப்புக்காரர் ஒருவர் செய்த உருண்டை அது. சுவையாகத்தான் இருக்கிறது. உதைத்த ஊர் உருண்டையாக்கி விற்கிறதே என்றேன், என் மாணவர் சிரித்துவிட்டு, "ஐயா, மெல்லப் பேசுங்கள், நமக்குப் பின்னால் தமிழ்க்குடும்பம் ஒன்று நிற்கிறது" என்றார்.

நம் மன்றத்தார்க்கு உரிய செய்தி இனித்தான் வருகிறது. மொசார்ட்டு காலத்தில் செருமானிய நாடுகளின் அரசவைகளில் இசைநாடகம் என்றால் இத்தாலியம்தான். பாடுவோர், எழுதுவோர், இயக்குவோர் பலரும் இத்தாலியரே. செருமானியம் முரட்டு மொழி, மெய்யெழுத்து மிகுந்த மொழி, பாடுதற்கு இசையாத மொழி என்று செருமானியரே சொல்லித் திரிந்தனர். இப்பேச்சை வேறெங்கோ கேட்ட நினைவு உங்களுக்கு வரலாம். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது எவ்வகைப் பேச்சுக்கு விடையாக என்று நான் இங்கு விரிக்கத் தேவையில்லை.

பேரரசன் இரண்டாம் யோசேப்பு 1776-இல் வியன்னாவின் அரசவை அரங்கைச் செருமானிய மொழிக்குரிய நாட்டரங்காக அறிவித்தான். 1778-இல் தாய்மொழி இசைநாடகக் குழுவொன்றையும் அமைத்தான். அக்குழுவிற்காக மொசார்ட்டு இசையமைத்துத் தந்ததே 'மகளிர்கோட்டத்திலிருந்து கவர்ந்து செல்லல்' என்னும் செருமானிய இசைநாடகம். 1782-ஆம் ஆண்டு சூலை 16-இல் அரங்கேறியது. ஆனால் அரசன் விருப்பம் அரசவையாரின் விருப்பம் ஆகவில்லை. ஓராண்டிற்குள் அக்குழு கலைந்து இத்தாலியம் திரும்ப வந்தது. அவ்வேளையில், 1785-இல், மன்னைம் நகர்ப் பாவலர் ஒருவர்க்கு எழுதிய மடலில் மொசார்ட்டு தம் நெஞ்சக் குமுறலை எள்ளலாகக் கொட்டினார். செருமானியர் செருமானியத்தில் எண்ணவும் பேசவும் பாடவும் தொடங்கிவிட்டால் அது செருமானிய நாட்டிற்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்ற கருத்தில் எழுதினார். அம்மடலைப் பற்றி அறிந்தபோது, இருநூற்று நாற்பது ஆண்டுக்கு முன் எழுதியது போலவே தோன்றவில்லை.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அதே மொசார்ட்டு அடுத்த ஐந்தாண்டில் தா பொந்தே என்னும் இத்தாலியப் பாவலரோடு கூடி மூன்று இத்தாலிய இசைநாடகங்கள் செய்தார். 1786-இல் 'பிகாரோவின் திருமணம்', 1787-இல் பிராகு நகரில் 'தொன் சொவான்னி', 1790-இல் மற்றொன்று. அவர் ஆக்கங்களில் முடிமணி இவையே என்று கருதுவோர் பலர். பின்பு தம் இறுதி ஆண்டில், அரசவைக்கு அன்றி, வியன்னாவின் புறநகர்ப் பொதுமக்கள் அரங்கிற்கு 'மாயக்குழல்' என்னும் செருமானிய நாடகத்தைத் தந்தார். 1791 செபுதம்பர் 30-இல் அரங்கேற்றம். அரங்கின் தலைவரான சிக்கானேடரே பாட்டெழுதி, பறவை பிடிப்பவன் வேடமும் பூண்டார். இத்தாலியம் அரசவையின் கூலிக்கு வந்தது. செருமானியம் தெருவின் கைதட்டலுக்கு வந்தது. இரண்டிற்கும் ஒரே கைதான் இசை எழுதியது. மொழிப்பற்று உடையோர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறினால் கேட்பவர் நம்மைக் கேலி செய்வர்.

விழா பிறந்த வரலாறு துயரமானது. 1918-இல் முதல் உலகப்போர் முடிந்தபோது ஆசுத்திரியப் பேரரசு சிதறியது. ஐந்து கோடி மக்களை ஆண்ட அரசு ஏறத்தாழ அறுபத்தைந்து நூறாயிரம் பேர் கொண்ட சிறு நாடாகச் சுருங்கிப் போயிற்று. உணவில்லை; எரிக்க நிலக்கரியில்லை. நாங்கள் இனி யார் என்னும் கேள்வி அந்நாட்டு அறிஞரைக் குடைந்தது. அப்போது ஊகோ ஓப்மன்சுதால் என்னும் பாவலரும், மாக்சு இரைன்கார்ட்டு என்னும் நாடக இயக்குநரும், இரிச்சர்ட்டு இசுட்ராவுசு என்னும் இசையமைப்பாளரும் பிறரும் கூடி, போரிட்ட நாட்டினர் அனைவரும் வந்து கூடத்தக்க கலைவிழா ஒன்றை இச்சிற்றூரில் எடுக்கத் துணிந்தனர். 1920-ஆம் ஆண்டு ஆகசுட்டு 22-ஆம் நாள், தலைமைக் கோயிலின் முன்றிலில், பேராயரின் இசைவோடு, ஓப்மன்சுதாலின் 'யேடர்மான்' நாடகம் ஆடப்பெற்றது. அதற்கு மேடை போட்ட பலகைகள் போர்க்கைதிகளின் பாசறையைப் பிரித்து எடுத்தவை. அதைப் படித்தபின் அம்முன்றிலில் நிற்கும்போது கால் சற்றே கூசியது.

'யேடர்மான்' என்பதற்கு ஒவ்வொருவன் என்பது பொருள். செல்வச் செருக்கன் ஒருவன் விருந்தயர்ந்து கொண்டிருக்கையில் சாவு வந்து தோளைத் தொடுகிறது. ஒரு மணிநேரம் தவணை கேட்டு, உடன்வர ஒரு துணை தேடுகிறான். நண்பன் வரவில்லை, உறவினர் இருவரும், ஒருவன் பருத்தவன், ஒருவன் மெலிந்தவன், ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவுகின்றனர். பணப்பெட்டியைத் திறக்கிறான், உள்ளிருந்து செல்வத்தெய்வம் எழுந்து, இதுநாள்வரை நீ எனக்கு ஆண்டான் என்று எண்ணினாயோ, நீயன்றோ என் அடிமை என்று நகைக்கிறது. அவன் செய்த நல்வினை மட்டும் நடக்கமாட்டாத நோயாளிபோல் ஊன்றுகோலோடு வருகிறது. செல்வம் நிலையாமையை முதலிலும் யாக்கை நிலையாமையை மூன்றாவதாகவும் வைத்த நாலடியாரைப் பயின்ற எவர்க்கும் இக்கதையில் புதுமையில்லை. புதுமை மொழியில் உள்ளது.

ஓப்மன்சுதால் இதற்கு ஆங்கிலத்தின் பழைய அறநாடகம் ஒன்றையும், நூரம்பர்க்கு நகரில் செருப்புத் தைத்துக்கொண்டே பாட்டெழுதிய ஆன்சு சாக்சு என்பவர் 1549-இல் செய்த நாடகத்தையும் அடியாகக் கொண்டார். தம் கால வியன்னாவின் மெருகேறிய மொழியில் அவர் எழுதவில்லை. செருமானியத்தின் பழைய நாட்டுப்புற யாப்பை, இரண்டிரண்டு அடியாய் இயைபுத்தொடை வரும் முரட்டு யாப்பை, எடுத்தாண்டார். வழக்கிறந்த சொற்கள் பலவற்றை உயிர்ப்பித்தார். கற்றோர் சிலர் இது போலிப் பழமை என்று இகழ்ந்தனர். மக்கள் கேட்டு நின்றனர். 1920, 1921 ஆண்டுகளிலும், பின் 1926 முதல் 1937 வரையும், 1946 முதல் இன்றுவரையும் கோடைதோறும் அதே முன்றிலில் அந்நாடகம் ஆடப்படுகிறது. வேடம் ஏற்பவர் மாறுவர், இயக்குநர் மாறுவர், சொல் மாறுவதில்லை. நான் கண்ட ஆண்டில் பிலிப்பு ஓக்மயர் என்னும் நடிகர் தலைமை வேடம் ஏற்றார். ஆடையெல்லாம் இக்காலக் கோலம். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. என் மாணவர்க்கு மிகவும் பிடித்தது. மொழியறியாத எனக்கும் இயைபுத்தொடையின் தாளம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாடகத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூவும் குரல்கள் எழும். கோயிற் கோபுரங்களிலிருந்தும் மலைக்கோட்டையிலிருந்தும் அக்குரல்கள் வருமாறு முதலில் அமைத்தவர் இரைன்கார்ட்டு. ஊரையே அரங்காக்கிய ஏற்பாடு அது. மழை வந்தால் நாடகத்தைப் பெரிய அரங்கிற்கு மாற்றிவிடுவர். நாங்கள் போன நாளில் மழை இல்லை.

அரங்குகளைப் பற்றி விரிக்காமல் ஒன்றிரண்டு சொல்கிறேன். பழைய அரங்கு ஒன்று பாறையிற் குடைந்தது. கோயில் கட்டக் கல்லெடுத்த மலைச்சரிவில், 1693-இல், குதிரையேற்றமும் விலங்குப்போரும் காண மூன்றடுக்காகத் தொண்ணூற்றாறு மாடங்களைச் செதுக்கினர். பாறைக் குதிரைப்பள்ளி என்பது அதன் பெயர்ப்பொருள். மாமல்லையைக் கண்ட கண்ணுக்கு அதன் செதுக்குவேலை எளியதே. ஆனால் விளக்கணைந்து அம்மாடங்களில் ஒளி படரும்போது உடல் சிலிர்க்கிறது. பேராயர்களின் குதிரைக் கொட்டிலாக இருந்த இடத்தில் பெரிய அரங்கம் நிற்கிறது. துறவியர் மலை எனப் பெயர்கொண்ட குன்றிலிருந்து ஐம்பத்தையாயிரம் கன மீட்டர் பாறையை வெடித்தெடுத்து, 1960 சூலை 26-இல் எர்பர்ட்டு கராயன் இயக்கிய இசைநாடகத்தோடு அதைத் திறந்தனர். ஓரிரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட இருக்கைகள். மேடையின் அகலம் நூறு மீட்டர். விழாவின் இசைக்குழு வியன்னாவின் புகழ்பெற்ற 'பில்ஆர்மோனிக்' குழு. 1922 முதல் அவர்களே இங்கு இசைக்கின்றனர்.

கூட்டத்திற்கு முன் நம் இளந்தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அங்கு இப்போது எந்த மொழியில் பாடுகிறார்கள்?" நல்ல கேள்வி. முற்காலத்தில் இத்தாலிய நாடகங்களையும் செருமானியத்தில் பெயர்த்தே பாடும் வழக்கம் இருந்தது. 1953-இல் பூர்ட்டுவெங்கிளர் இவ்விழாவில் 'பிகாரோவின் திருமணம்' இயக்கியபோதுகூடச் செருமானியத்திலேயே பாடினர். அதன் பதிவு இன்றும் கிடைக்கிறது. இன்று அவ்வழக்கம் போய்விட்டது. இத்தாலிய நாடகம் இத்தாலியத்தில். உருசிய நாடகம் உருசியத்தில். மொசார்ட்டின் மாயக்குழல் செருமானியத்தில். எந்தச் சொல்லுக்கு எந்த இசை பிறந்ததோ அந்தச் சொல்லோடே அதைக் கேட்க வேண்டும் என்பது இன்றைய கொள்கை.

"அப்படியானால் தாய்மொழி தோற்றுவிட்டதா?" என்று அத்தோழர் மீண்டும் கேட்டார். தோற்கவில்லை என்பதே என் முடிபு. அதற்கு என் கரணியம் மேடைக்கு மேலே இருக்கிறது. பாடகர் பாடப்பாட, மேடையில் பாட்டின் பொருள் செருமானியத்திலும் ஆங்கிலத்திலும் ஒளியெழுத்தாக ஓடுகிறது. பொருள் விளங்காமல் இசையை மட்டும் சுவைத்துத் தலையாட்டிவிட்டுப் போக அம்மக்கள் ஒருப்படவில்லை. பிறமொழிப் பாட்டிற்கு வீட்டில் இடந்தந்தார்கள். வீட்டை எழுதித் தரவில்லை. தம் மொழியில் பாட்டே அமையாது என்று இன்று அங்கு எவனும் சொல்ல மாட்டான். அந்நிலை வந்தபின் பிறமொழியைக் கேட்பது விருந்தோம்பல். அந்நிலை வருமுன் கேட்பது அடிமைத்தனம். வியன்னா அரசவை 1783-இல் செய்ததற்கும் சால்சுபர்க்கு 2024-இல் செய்ததற்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே. இதில் என்னோடு மாறுபடுவோர் இக்கூட்டத்தில் இருப்பர் என்பது தெரியும். கூட்டம் முடிந்தபின் பேசுவோம்.

இனிச் சொல்லப்போவதை நான் சொல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் நம்போன்ற மொழிப்பற்றாளர் கூடிய அவையில் அதை விழுங்கிவிட்டுப் போவது சரியன்று.

1938 மார்ச்சு 12-இல் இட்லரின் படை ஆசுத்திரியாவிற்குள் நுழைந்தது. இத்தாலியரான தொசுக்கானினி என்னும் மாபெரும் இசை இயக்குநர், வரப்போவதை முன்னறிந்து, பிப்ரவரியிலேயே தாம் சால்சுபர்க்கு விழாவிற்கு வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். ஏப்பிரல் 30-இல் பேராயர் மாளிகை முன்றிலில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நூல்களைக் குவித்து எரித்தனர். 'யேடர்மான்' நாடகம் நிறுத்தப்பட்டது. ஏன்? அதை மேடையேற்றிய இரைன்கார்ட்டு யூதர். எழுதிய ஓப்மன்சுதால் கிறித்தவராகப் பிறந்து கிறித்தவராகவே 1929-இல் மறைந்தவர். ஆனால் அவர் பாட்டனின் தந்தை யூதர். அது போதும் என்றனர். செருமானியத்தின் செத்துப்போன யாப்புக்கு உயிர் கொடுத்தவனைச் செருமானியன் அல்லன் என்றனர்! இரைன்கார்ட்டின் மாளிகையைப் பறித்தனர். அவர் 1943-இல் நியூயார்க்கில் மறைந்தார். பதினைந்தாண்டு அந்நகரின் குன்றின்மேல் வாழ்ந்து, உலகெங்கும் செருமானிய உரைநடைக்குப் பெயர் தேடித் தந்த இசுடெபான் சுவைக்கு 1934-இலேயே ஊரைவிட்டு அகன்றார். 1942-இல் பிரேசில் நாட்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விழாவை நிறுவியோருள் ஒருவரான இசுட்ராவுசோ 1933-இல் நாத்சி ஆட்சியின் இசைக்கழகத் தலைமையை ஏற்றார். சுவைக்கு அவர்க்கு நாடகப் பாட்டெழுதியவர். அவர்க்கு மனந்திறந்து எழுதிய மடல் காவலர் கையிற் சிக்கவே, 1935-இல் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

மொசார்ட்டையும் அவர்கள் விடவில்லை. தா பொந்தே பிறப்பால் யூதர். அவர் இத்தாலியப் பாட்டுக்குப் பெரிதும் வழங்கிய செருமானியப் பெயர்ப்பைச் செய்தவரும் யூதர். ஆகவே 'தூய' பெயர்ப்பு வேண்டும் என்று புதிதாகச் செய்வித்தனர். பாட்டின் சொல் நல்லதா, இசையோடு பொருந்துகிறதா என்று பாராமல், எழுதியவன் எவன் பேரன் என்று பார்த்தனர்.

இன்னொன்று. செருமானியத்தில் பிறசொற் களையும் பழைய கழகம் ஒன்று அக்காலத்தில் இருந்தது. நம்மைப் போன்றோரே அதில் இருந்தனர். இட்லர் ஆட்சிக்கு வந்ததும் அக்கழகத்தார் தாமும் அவ்வாட்சியின் மொழிப்படையே என்று முந்திக்கொண்டு வாழ்த்துப் பாடினர். பயன் என்ன? 1940 நவம்பரில், வழங்கும் அயற்சொற்களை வலிந்து செருமானியமாக்கும் வேலை வேண்டா என்று இட்லர் பெயராலேயே ஆணை வந்தது. ஆட்சிக்குக் குருதித்தூய்மை வேண்டியிருந்தது, சொற்றூய்மை வேண்டியிருக்கவில்லை. யார் யாரையோ ஒடுக்க உதவிய வரையில் கழகத்தார் இனித்தனர், பின் கசந்தனர். மொழியைத் துலக்குவது உழவன் களையெடுப்பது போன்ற வேலை. மாந்தரைக் களையென்று பிடுங்குவதற்கும் அதற்கும் எள்ளளவும் உறவில்லை. உறவுண்டு என்று நம்மிடம் எவன் வந்து சொன்னாலும், அவன் எவ்வளவு தூய தமிழிற் சொன்னாலும், அவனை இம்மன்றத்தின் படியேற விடலாகாது என்பது என் கருத்து.

1944-இல் அவர்கள் விழாவையே நிறுத்தினர். இசுட்ராவுசின் புதிய நாடகம் ஒன்றிற்கு ஆகசுட்டு 16-இல் ஒத்திகை மட்டும் நடந்தது. எண்பது அகவைக் கிழவராக அவர் அமர்ந்து கேட்டார். அது முறைப்படி அரங்கேறியது 1952-இல். அப்போது அவர் இல்லை. 1945-இல், போர் முடிந்து ஏறத்தாழ மூன்று திங்களில், அமெரிக்கப் படையின் காவலில் விழா மீண்டும் எழுந்தது. எடுத்த நாடகம் அரசன் யோசேப்பின் தாய்மொழி அரங்கிற்காக மொசார்ட்டு செய்த அதே 'கவர்ந்து செல்லல்'. அடுத்த ஆண்டு 'யேடர்மான்' தன் முன்றிலுக்குத் திரும்பியது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1950-இல் ஆசுத்திரிய அரசு ஒரு சட்டம் இயற்றியது. விழாவில் இழப்பு வந்தால் நடுவணரசு நாற்பது விழுக்காடும், மாநிலமும் நகராட்சியும் சுற்றுலா வளர்ச்சி நிதியும் இருபது இருபது விழுக்காடும் ஏற்க வேண்டும் என்பது அச்சட்டம். புரவலன் ஒருவனின் மனநிலையை நம்பிக் கலையை விடாமல், ஒரு மக்கள் தம்மைத் தாமே சட்டத்தாற் கட்டிக்கொண்டனர். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அவர்களைப் பாராட்டாத இடமும் உண்டு. இசைநாடகத்தின் முன்வரிசை இருக்கைக்கு நானூறு யூரோவிற்கு மேல் கேட்கிறார்கள். மாலைதோறும் அரங்கத் தெருவில் விலையுயர்ந்த மகிழுந்துகள் வந்து நிற்க, பட்டும் வயிரமும் இறங்குகின்றன. தெருவின் மறுபுறம் ஊர்மக்கள் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். ஓராண்டுக்கு இரண்டரை நூறாயிரம் அளவில் சீட்டு விற்கும் விழாவில் எளியோர்க்கான சீட்டும் உண்டு. ஆனால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். செல்வச் செருக்கனைச் சாவு அழைக்கும் நாடகத்தைச் செல்வர்கள் காசு கொடுத்துக் கண்டு கைதட்டிவிட்டு விருந்துண்ணப் போவதைப் பார்த்தபோது, ஓப்மன்சுதால் இதைத்தான் எண்ணினாரா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் கோயிலை ஒட்டிய வெளியில் பெரிய திரை கட்டி, இவ்விழாவின் இசைநாடகப் பதிவுகளை இரவுதோறும் விலையின்றிக் காட்டுகிறார்கள். அங்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் உணவுப் பொட்டலத்தோடு, ஒரு கூட்டம் அசையாமல் அமர்ந்திருந்தது. நானும் அக்கூட்டத்தில் ஓரிரவு அமர்ந்தேன்.

கடைசியாக நான் கண்டது பாறைக் குதிரைப்பள்ளியில் 'மூடன்' என்னும் பொருள்படும் இசைநாடகம். தொசுதோயெவுசுக்கியின் பெருங்கதையை மியெச்சிசுவாவு வைன்பர்க்கு இசைநாடகமாக்கியது. வைன்பர்க்கு 1919-இல் வார்சாவில் பிறந்த யூதர். 1939-இல் இட்லர் படை போலந்தில் புகுந்தபோது கிழக்கே ஓடித் தப்பினார். பெற்றோரும் தங்கையும் தப்பவில்லை. மாசுக்கோவில் வாழ்ந்து 1996-இல் மறைந்தார்; இந்நாடகம் முழுமையாக மேடையேறியதை அவர் காணவில்லை. செருமானிய நாட்டு மன்னைம் நகரில் 2013-இல்தான் அது அரங்கேறியது. மொசார்ட்டின் மடல் போய்ச் சேர்ந்த அதே மன்னைம். மொழி உருசியம். உருசியாவும் உக்கிரேனும் போரிடும் அந்த ஆண்டில், தலைமை வேடம் ஏற்றவர் உக்கிரேனிற் பிறந்த போகுதான் வோல்க்கோவு. இயக்கியவர் இலித்துவேனியப் பெண்மணி ஒருவர். இசைத்தது வியன்னாக் குழு. மூன்று மணிநேரத்திற்கு மேல் நடந்தது. ஒளியெழுத்துகள் மேலே செருமானியத்தில் ஓடின. என் மாணவர் எனக்காக இடையிடையே தமிழில் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். முன்வரிசை அம்மையார் ஒருவர் இருமுறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை அவரும் பார்க்கவில்லை. இவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.